திருவொத்தியூர் உப்புக்காத்துல ஒரு கார்: தெனமும் தொடச்சு நாங்க கெடுத்தது, அப்புறம் கத்துக்கிட்டது

நான் இருக்கறது வடசென்னையில திருவொத்தியூர் தேரடிக்குப் பக்கத்துல ஒரு சந்து, கடல் நடந்து போற தூரம்தான். 2017ல செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஸ்விஃப்ட் எடுத்தோம், கருநீலக் கலரு, அப்பா ரிட்டயர் ஆன காசு கொஞ்சம், என் சீட்டுக் காசு கொஞ்சம். எங்க வீட்டுக்கு வந்த மொத காரு அதான். அதனால வாங்கின நாள்லேருந்து நாலு வருஷம் தெனமும் தொடச்சோம், மழை பெய்ற நாளத் தவிர ஒரு நாள் விட்டதில்ல. கார நல்லா பாத்துக்கறதுன்னா அதான்னு நெனச்சிட்டிருந்தோம். அந்த நாலு வருஷத் தொடப்புதான் பெயிண்ட நாசம் பண்ணுச்சுன்னு 2021லதான் தெரிஞ்சுது, அதுவும் வேற வேலையா போன எடத்துல.

தொடைக்கறதுக்கு எங்க தெருவுல ஒரு அண்ணன் வருவாரு. காலைல அஞ்சரைக்கு சைக்கிள்ல, ஹேண்டில்ல ஒரு பக்கெட்டு, தோள்ல ரெண்டு பழைய பனியன் துணி. எங்க தெருவும் அடுத்த ரெண்டு தெருவும் சேத்து பதினெட்டு கார், மாசம் ஒரு காருக்கு 500 ரூபா. எட்டு மணிக்கு அவருக்கு வேற எடத்துல லோடு எறக்குற வேலை இருக்கு, அதுக்குள்ள இத முடிக்கணும், கணக்குப் போட்டா ஒரு காருக்கு எட்டு நிமிஷம். எட்டு நிமிஷத்துல ஒருத்தர் என்னதான் பண்ண முடியும். ஒரு பக்கெட்டுத் தண்ணிய நாலஞ்சு காருக்கு வெச்சுக்குவாரு, துணிய நனைச்சுப் பிழிஞ்சு மேலேருந்து கீழ ஒரு இழுப்பு, அடுத்த கார். 2019ல ஏரி எல்லாம் வத்திப் போயி செங்குன்றம், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம்னு நாலும் காலியா கெடந்துச்சே, அப்ப நாங்களே லாரித் தண்ணிக்கு குடத்தோட நின்னுட்டிருந்தோம், அந்த நேரத்துல காருக்குத் தண்ணி கேக்க அவருக்கே மனசு வரல. துணிய சும்மா ஈரம் காட்டிட்டு காஞ்ச புழுதி மேலயே தேய்ப்பாரு. காரும் காலைல பளபளன்னு நிக்கும், நாங்களும் சந்தோஷமா எடுத்துட்டுப் போவோம்.

டோல்கேட் சிக்னல்ல ஒரு ஆட்டோ பின்னாடி லேசா தட்டிடுச்சு, பம்பர்ல சின்னதா நசுங்கல், அத எடுக்கத்தான் காலடிப்பேட்டையில ஒரு பெயிண்டர் பாய் கிட்ட விட்டேன். எங்க ஏரியால ரொம்ப நாளா டிங்கரிங் பெயிண்டிங் பண்றவரு. அவரு பம்பர பாக்கவே இல்ல, மொதல்ல பானட்ட கையால தடவுனாரு, அப்புறம் ஷெட்டு உள்ள போயி செல்ஃபோன் டார்ச்ச அடிச்சுட்டு வந்து, "இங்க வா தம்பி, இதப் பாரு"ன்னு கூப்ட்டாரு. டார்ச் வெளிச்சத்தச் சுத்தி வட்டம் வட்டமா ஆயிரக்கணக்குல மெல்லிசு கோடு, சிலந்தி வல மாதிரி. வெளிச்சத்த நகத்துனா அந்த வலையும் கூடவே நகருது. "இன்னாத்தப் போட்டு தேச்ச, வாட்டர் பேப்பரா"ன்னு கேட்டாரு, உப்புத்தாளத்தான் அப்படிச் சொன்னாரு. நான் இல்ல பாய் துணிதான், தெனமும் தொடைக்கிறோம்னேன். அவரு ஒன்னும் சொல்லல, அன்னிக்கிக் காலைல அண்ணன் எங்க வீட்டுக் கேட்டுல காயப்போட்டிருந்த துணிய எடுத்துட்டு வரச் சொன்னாரு. கொண்டு போனேன். அத ஒரு வெள்ளப் பேப்பர் மேல ரெண்டு தட்டு தட்டுனாரு. பேப்பர்ல கருப்பா, சாம்பலா, நடுவுல மினுக்குற பொடி. அத வெரல்ல எடுத்து ரெண்டு வெரலுக்கு நடுவுல நசுக்கச் சொன்னாரு, நறநறன்னுச்சு. நாலு வருஷமா அததான் என் கார் மேல தெனம் தேச்சிருக்கோம்.

நம்ம பக்கம் புழுதி வேற ஊரு புழுதி மாதிரி கெடையாது, இத இங்க இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா காரோட சேத்து யோசிக்கறதில்ல. எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேல ராப்பகலா கண்டெய்னர் லாரி, துறைமுகத்து ஜீரோ கேட்டுல ஆரம்பிச்சு வரிசையா நிக்கும், அதுங்க கெளப்புற மண்ணு, பிரேக்குலேருந்தும் டயர்லேருந்தும் வர்ற கருப்பு. அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் அனல்மின் நிலையம், நிலக்கரி எரிச்சு வர்ற சாம்பல். மேக்காத்து அடிக்கிற ஆனி ஆடில மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை பக்கத்துலேருந்து ஒரு எண்ணெய்ப் பிசுக்கு. எங்க அத்த வீடு ராயபுரம், முன்னாடி துறைமுகத்துல நிலக்கரி எறக்கிட்டிருந்தப்போ மாடில வெள்ள வேட்டி காயப்போட்டா சாயங்காலம் கருப்புத் தூளோட வரும். ஹைகோர்ட்டு உத்தரவுக்கு அப்புறம் 2011ல அங்க நிலக்கரி நின்னுச்சு, எண்ணூர் துறைமுகத்துக்குப் போச்சு, அதாவது எங்க பக்கம் வந்துச்சு. அதுக்கப்புறம் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வேலை, 2021 பிப்ரவரில ரயில் ஓட ஆரம்பிக்கற வரைக்கும் டிஹெச் ரோடு (திருவொத்தியூர் ஹை ரோடு) முழுக்க சிமெண்டுத் தூள்.

நிலக்கரி சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும்தான், மண்ணோட சொந்தக்காரன். கார் பெயிண்டு மேல கடைசியா அடிக்கிற கிளியர் கோட்டு நம்ம தலமுடியோட தடிமன விடக் கம்மி. அந்தச் சாம்பலு அது மேல உக்காந்து இருக்கறதால ஒன்னும் பெருசா ஆகாது, காஞ்சு கெடக்கறப்போ நாம துணிய வெச்சு இழுக்கறோம் பாருங்க, அப்பதான் அது கீறுது. கடல் காத்துல ராத்திரி படியிற உப்பு ஈரம் வேற இந்தத் தூள லேசா பசை மாதிரி ஒட்ட வெச்சிடும், அதனால அழுத்தித் தேய்ப்போம், இன்னும் மோசம். பாய் பாலீஷ் போட்டு பாதி கீறல எடுத்தாரு, 2,500 ஆச்சு. ஆனா போடறப்பவே சொல்லிட்டாரு, பாலீஷ்னா அந்தக் கிளியர் கோட்டையே கொஞ்சம் சீவி எடுக்கறதுதான், வருஷா வருஷம் வந்து நின்னா சீவ ஒன்னும் இருக்காதுன்னு.

அன்னிலேருந்து காஞ்ச துணி என் கார் மேல படல. எங்க அப்பா டிக்கில வெச்சிருந்த அந்த நீளக் கைப்பிடி டஸ்டர் பிரஷ்ஷையும் எடுத்து தூரப் போட்டேன்.

இப்ப எப்படிக் கழுவுறேன்னு சொல்றேன். ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு, வெயில் ஏர்றதுக்கு முன்னாடி, பானட் கைக்கு குளுகுளுன்னு இருக்கணும், ஓட்டிட்டு வந்து உடனே கழுவக் கூடாது, சூட்டுல ஷாம்பு அங்கங்க காஞ்சு தடம் விட்டுடும். மொதல்ல ஒரு பக்கெட்டுத் தண்ணிய மக்குல மொண்டு மேலேருந்து மெதுவா ஊத்தி விடணும், ஒன்னும் தேய்க்கக் கூடாது, ரெண்டு நிமிஷம் ஊற விட்டு திருப்பி ஊத்தணும், இதுலயே முக்காவாசி தூள் எறங்கிடும், தரையில ஓடற தண்ணி கலரப் பாத்தாலே தெரியும். அப்புறம் ரெண்டு பக்கெட்டு. ஒன்னுல கார் ஷாம்பு கலந்த தண்ணி, இன்னொன்னுல வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் கையுறைய ஷாம்புல முக்கி ஒரு டோர் தேச்சா, உடனே வெறும் தண்ணில அலசிப் பிழிஞ்சுட்டுத்தான் திரும்ப ஷாம்புல முக்கணும். மொத தடவ கழுவி முடிச்சுட்டு அந்த வெறும் தண்ணி பக்கெட்டுக்கு அடியில கையவிட்டுப் பாத்தேன், ஒரு ஸ்பூன் அளவுக்கு கருப்பு மணலு. ஒரே பக்கெட்டா இருந்தா அந்த ஒரு ஸ்பூனும் திரும்ப கார் மேல போயிருக்கும். மேல்கூரை, கண்ணாடி, பானட், டிக்கி, அப்புறம் டோரு, கடைசிலதான் கீழ்ப்பட்டையும் பம்பரும். வீலுக்கு தனித் துணி, அத மறந்தும் மேல கொண்டு வரக் கூடாது, பிரேக்குலேருந்து வர்ற இரும்புத் தூள் அதுலதான் இருக்கும். கடைசி அலசல் போக எனக்கு 45 லிட்டர்ல முடிஞ்சிடுது, பதினஞ்சு லிட்டர் பக்கெட்டு மூணு. ஓஸ் பைப்ப தொறந்து விட்டுட்டு கழுவறவங்களுக்கு இத விடப் பல மடங்கு போகும். 2019 பாத்தவங்க அப்படித் தொறந்து விட மாட்டாங்கன்னு நெனைக்கிறேன், பெங்களூர்ல 2024 மார்ச்ல குடிநீர்ல கார் கழுவுனா 5,000 ரூபா அபராதம்னு போட்ட நெலமையும் வந்துச்சே.

பாத்திரம் கழுவுற சோப்பு, துணி பவுடரு இதெல்லாம் வேணாம். பிசுக்கு நல்லா போகும்தான், கூடவே பெயிண்டு மேல காப்பா நாம பூசற மெழுகு, அதான் வேக்ஸு, அதுவும் போயிடும்.

இப்ப தண்ணிக்கு வர்றேன், இதுலதான் நான் ரெண்டாவது தடவ அடி வாங்கினேன். எங்க போர் தண்ணி உப்பு. மேல சொன்ன மாதிரி பக்குவமா கழுவி, நெழல்ல அப்படியே காய விட்டேன். சாயங்காலம் பாத்தா கருநீலக் கலர் மேல முழுக்க வெள்ள வெள்ளயா வட்டம், அம்மை போட்ட மாதிரி. தண்ணி காஞ்சுடும், அதுல இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் உப்பும் எங்கயும் போகாது. வெயில்ல ரெண்டு மூணு தடவ சுட்டா பெயிண்டுலயே பதிஞ்சிடும். தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் ஒன்னு வாங்கி வீட்ல இருக்கற எல்லாத் தண்ணிலயும் விட்டுப் பாத்தேன், போர் தண்ணி 1,900, குழாயில வர்ற மெட்ரோ தண்ணி 350 கிட்ட. அதுக்கு முன்னாடி வரைக்கும் நான் ஒரு நல்ல காரியம்னு நெனச்சு ஆர்ஓ மெஷின்லேருந்து வெளிய போற தண்ணிய டிரம்முல புடிச்சு வெச்சு காருக்கு ஊத்திட்டிருந்தேன், வீணாக்கக் கூடாதுன்னு. மீட்டர விட்டா அது போர் தண்ணிய விட அதிகம் காட்டுது. யோசிச்சா சரிதானே, நமக்குக் குடிக்க நல்ல தண்ணிய எடுத்துக்கிட்டு மிச்ச உப்பெல்லாம் அதுலதானே தள்ளுது அந்த மெஷினு. அந்தத் தண்ணி வாசல் கழுவ, பாத்ரூம் கழுவ சரி, காருக்கு ஊத்தாதீங்க.

கடைசி அலசலுக்கு எனக்குக் கெடச்ச தண்ணி எதிர்பாக்காதது. ஏசிலேருந்து சொட்டற தண்ணி. காத்துல இருக்கற ஈரம் குளுந்து சொட்டறது, உப்பு எங்கேருந்து வரும், மீட்டர் 20 தான் காட்டுச்சு. நம்ம ஊரு புழுக்கத்துல ராத்திரி பூரா ஓடுனா காலைல அரை பக்கெட்டுக்கு மேல நிக்கும். நாலு நாள் சேத்தா ஞாயித்துக்கெழமைக்கு ரெடி. மழக்காலத்துல மாடித் தண்ணிய டிரம்முல புடிச்சுக்குவேன், மொத மழத் தண்ணி மட்டும் வேணாம், அதுல மாடியோட சாம்பல் எல்லாம் வரும். போர் தண்ணிலயே மொத ரெண்டு ஊத்தலும் ஷாம்புவும் முடிச்சுட்டு, காயறதுக்குள்ள இந்த நல்ல தண்ணிய ஊத்தி, பெரிய மைக்ரோஃபைபர் டவல விரிச்சுப் போட்டு ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. ஏற்கனவே வெள்ள வட்டம் விழுந்திருந்தா வெள்ள வினிகரும் தண்ணியும் சரிக்கு சரி கலந்து துணில நனைச்சு ஒரு ரெண்டு நிமிஷம் போட்டு வெச்சுட்டு எடுத்து நல்லா அலசிடுங்க, புதுசா விழுந்தது போயிடும், பழசு போகாது.

துருவப் பத்தி சொல்லலன்னா இந்த எழுத்துக்கே அர்த்தம் இல்ல. பாய் அன்னிக்கு பானட்டோட விடல. முன்னாடி லெஃப்ட் டோருக்குக் கீழ குனிஞ்சு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால தட்டிக்கிட்டே வந்தாரு, டங் டங்னு வந்த சத்தம் ஒரு எடத்துல சொத்துன்னு மாறிடுச்சு. அடிப்பக்கம் மடிப்ப லேசா நிமிண்டுனாரு, பெயிண்டு ஒரு துண்டா பேந்து வந்துச்சு, பின்னாடி தகடே இல்ல, செம்மண்ணு மாதிரி துரு. வெளிய பாத்தா ஒரு பொட்டு கூடத் தெரியல. காரணம் என்னன்னா ஒவ்வொரு டோருக்கும் அடி விளிம்புல சின்னச் சின்ன ஓட்ட விட்டிருப்பாங்க, கண்ணாடி இடுக்கு வழியா உள்ள போற தண்ணி வெளிய வர்றதுக்கு. எங்க கார்ல அந்த ஓட்ட எல்லாம் புழுதி சேந்து அடச்சிருந்துச்சு, உள்ள உப்புத் தண்ணி நின்னு நின்னு உள்ளேருந்தே அரிச்சிருக்கு. ரெண்டு டோரு அறுத்து வெல்டு வெச்சு பெயிண்டு அடிக்க 9,000 ஆச்சு. தெனமும் வெளிய தொடச்சுட்டிருந்த நாலு வருஷத்துல ஒரு தடவ கூட டோரத் தொறந்து கீழ குனிஞ்சு பாக்கலையேன்னு அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் நெனச்சிட்டே வந்தேன். இப்ப மாசம் ஒரு தடவ தென்னந்தொடப்பக் குச்சியால அந்த ஓட்ட எல்லாத்தையும் குத்தி விட்டு உள்ள ஒரு மக்குத் தண்ணி ஊத்துவேன், கீழ சொட்டணும். வைப்பருக்குக் கீழ காஞ்ச எல சேர்ற எடம், டிக்கி ஓரம், ஸ்டெப்னி குழி இதையும் பாத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலைதான்.

அடிப்பக்கம் கழுவறத நம்ம பக்கம் விடவே கூடாது. மழயில தேங்குன தண்ணில ஓட்டுனா அது வெறும் மழத்தண்ணி இல்ல, சாக்கடையும் உப்பும் எண்ணெயும் சேந்தது. அந்த வாரத்துக்குள்ள வாட்டர் வாஷ் கடையில ராம்ப்புல ஏத்தி வெறும் தண்ணி பிரஷர்ல அடிக்கச் சொல்லுங்க. முடிச்சதும் டீசல் அடிக்கட்டுமான்னு கேப்பாங்க, சில எடத்துல கேக்காமலே அடிச்சுடுவாங்க. வேணாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. பாக்க கருகருன்னு புதுசு மாதிரி இருக்கும், ஆனா புஷ், ரப்பர் உறை, ஓஸ்னு கீழ இருக்கற ரப்பர ஊத வெச்சு சீக்கிரம் வெடிக்க வெச்சுடும், புழுதியும் அதுலதான் வந்து ஒட்டும். நான் போன ஒரு கடையில எஞ்சினையும் தொறந்து பிரஷர்ல அடிச்சாங்க, மறுநாள் காலைல வண்டி ஸ்டார்ட் ஆகல, கனெக்டர்ல தண்ணி. அதுலேருந்து பானட் தொறக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் சாவியே குடுப்பேன்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்துல எண்ணெய் கலந்து வந்துச்சே, எர்ணாவூர்ல என் மச்சான் வீட்டு வாசல்ல நின்ன கார்ல சக்கரத்துக்கு மேல வரைக்கும் கருப்புக் கோடு, தார் மாதிரி. மனுஷங்க பட்ட பாடு தனி, வல போட்டுப் பொழைக்கறவங்க படகும் வலையும் போனதுக்கு முன்னாடி கார் ஒன்னும் இல்ல. மச்சான் மொதல்ல துணி பவுடர் போட்டு பிரஷ்ஷால தேச்சுட்டான், எண்ணெய் பரவுனதுதான் மிச்சம், கீறலும் விழுந்துச்சு. அப்புறம் பாய் சொன்னபடி பழைய காட்டன் துணில கொஞ்சமா கெரசின் தொட்டு, உள்ளங்கை அளவு எடமா ஒத்தி எடுத்து, உடனே ஷாம்புத் தண்ணி, மறுபடி அடுத்த எடம். ரப்பர் பீடிங் மேல படாம பாத்துக்கிட்டோம். ரெண்டு பேரு ரெண்டு நாள் உக்காந்தோம்.

எத்தன நாளைக்கு ஒரு தடவன்னு எல்லாரும் கேப்பாங்க. நான் வெய்யக்காலத்துல வாரம் ஒரு முழுக் கழுவு. எண்ணூர் பக்கம் நிலக்கரி லாரி பின்னாடி போயிட்டு வந்தா அன்னிக்கு ராத்திரியே ஒரு பக்கெட்டுத் தண்ணி சும்மா ஊத்தி விடுவேன், தேய்க்காம. மழக்காலத்துல மழயே கழுவிடும்னு விட்டா தப்பு, தூறல் விட்டு நின்ன காரு மேல சாம்பல் எல்லாம் சேறா காஞ்சு நிக்கும், மழ விட்ட நாள் ஒரு அலசு அலசிடணும். அடிப்பக்கம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ. போகி அன்னிக்கு டயர் எரிச்ச கரி படியும், அடுத்த நாளே கழுவிடுவேன், பொங்கல் வேலைக்கு நடுவுல கஷ்டம்தான். தெனமும் தொடைக்கறது கண்ணாடி மட்டும், அதுவும் தண்ணி ஊத்திட்டு. காக்கா, புறா எச்சம் மட்டும் நாள் தள்ளக் கூடாது, வெயில் ஏறுனா பெயிண்ட அரிச்சுடும், சொரண்டாம ஈரத் துணிய மேல போட்டு பத்து நிமிஷம் ஊற விட்டு வழிச்சு எடுங்க. ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமத்த பானட்டு பெயிண்டுல வெக்காம கண்ணாடி மேல வெக்க ஆரம்பிச்சுட்டோம், அம்மா மொதல்ல ஒத்துக்கல, செவப்புத் தடம் போகாம இருந்தத காட்டுனதும் சரின்னாங்க.

கார் கவர் போடறதையும் விட்டுட்டேன். கடக்காத்து ராத்திரி பூரா அந்தக் கவர ஆட்டிக்கிட்டே இருக்கும், உள்ள இருக்கற தூளு பெயிண்டுல உரசும், உப்பு ஈரமும் உள்ளயே நிக்கும். அதுக்குப் பதிலா மூணு மாசத்துக்கு ஒரு தடவ வேக்ஸ், தண்ணி மணி மணியா உருண்டு ஓடற வரைக்கும் வேக்ஸ் இருக்குன்னு அர்த்தம். இன்னொன்னு, கழுவி முடிச்சதும் தெருவ ஒரு சுத்து சுத்தி ரெண்டு தடவ பிரேக்க அழுத்தி காய வெச்சுட்டு நிறுத்துங்க. ஈரத்தோட ஹேண்ட்பிரேக் போட்டு நாலு நாள் விட்டா பின் சக்கரம் புடிச்சுக்கும், நம்ம உப்புக்காத்துல ரொம்பவே சீக்கிரம்.

அண்ணன நிறுத்திடச் சொல்லி வீட்ல பேச்சு வந்துச்சு, எனக்கு மனசு வரல. 500 ரூபாய நிறுத்துனா அவரு பொழப்பு. ஒரு நாள் டீ வாங்கிக் குடுத்து அந்த டார்ச் வெளிச்சத்த அவருக்கும் காட்டுனேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "யாரும் சொல்லலையே தம்பி, சொல்லியிருந்தா செய்ய மாட்டனா"ன்னாரு. அதுக்கப்புறம் எங்க காருக்கு தெனமும் வேணாம்ணே, வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் குடுங்க, அதே காசுன்னு பேசிக்கிட்டோம். ரெண்டு பக்கெட்டு, ரெண்டு கையுறை, டவலு எங்க மாடிப்படிக்கு அடியிலயே இருக்கும். நான் ஊர்ல இல்லாத ஞாயிறு அவரே தனியா கழுவறாரு, என்ன விட நல்லாவே கழுவறாரு, டோர் ஓட்டைய குத்தறத மறக்கறதே இல்ல. இப்ப அடுத்த தெருவுல மூணு வீட்ல இதே மாதிரி வாரக் கணக்குக்கு மாத்திக்கிட்டாங்க, ஒரு காருக்கு 700. போன வாரம் வந்து ஏசித் தண்ணி இன்னொரு அரை பக்கெட்டு கெடைக்குமா, எதிர் வீட்டு கருப்பு கார்ல வட்டம் விழுதுன்னு கேட்டாரு. மாடி வீட்டு அக்கா கிட்ட சொல்லி அவங்க ஏசி டியூபுக்குக் கீழயும் ஒரு கேன் வெச்சிருக்கோம்.